அழித்தவை போய்ச் சேர்ந்த வாரம்

மௌலீஸ்வரனுக்கு இங்கிலீஷ் வராது. அந்த ஒரு தகுதியால்தான் அவனுக்கு வேலை கிடைத்தது.

விளம்பரத்திலேயே தெளிவாகப் போட்டிருந்தார்கள்: "தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்கு முன்னுரிமை. ஆங்கிலம் கலந்து எழுதுபவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்." கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று ரொட்டி மாவு பிசையும் மிஷினைச் செய்து நாற்பத்தோரு நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மிஷின் மக்கர் பண்ணினால் வாங்கியவர்கள் அவரவர் மொழியில் புகார் எழுதுவார்கள். 'தூதுவன்' என்கிற மென்பொருள் அதைத் தமிழாக்கி, உடுமலைப்பேட்டையில் ஒரு மாடியில் உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரிடம் கொடுக்கும். இவர்கள் தமிழில் பதில் எழுதுவார்கள். அது போலிஷாகவோ ஜார்ஜியனாகவோ மாறிப் போய்ச் சேரும். இடையில் எவனாவது 'ஆக்சுவலி' என்று ஆரம்பித்தால் தூதுவனுக்குத் தலை சுற்றிவிடும். பதினொரு இன்டர்வியூக்களில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்ற கேள்விக்குப் பதினொரு விதமாக மௌனம் காத்த மௌலியைப் பார்த்து, "இப்படி ஒரு சுத்தமான பையனைத்தானுங்க தேடிட்டு இருந்தோம்" என்று கம்பெனி கண் கலங்கியது.

வேலை நிரந்தரமாக ஒரு நிபந்தனை இருந்தது. தூதுவனின் புதிய பதிப்புகள் வரும்போதெல்லாம் அவற்றில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்ல ஓர் ஆள் தேவை. எதிலும் குறை கண்டுபிடிக்கும் முகம் என்று மௌலியின் முகத்தைப் பார்த்தவுடனே முடிவு செய்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் பத்துப் பிழை பிடித்தால் நிரந்தரம். ஒன்பதோடு நின்றால் நன்றி, வணக்கம். வெள்ளிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு, மென்பொருளைச் செய்த எஸ்டோனியா நாட்டுக் கம்பெனியின் கட்ரி என்பவளிடம் பிழைகளைத் தெரிவிக்க வேண்டும். அதுவும் தூதுவன் வழியாகத்தான். கட்ரி எப்போதும் ஒரே பதில்தான் அனுப்புவாள்: "பதிவு செய்யப்பட்டது. நன்றி." மௌலி அவளையும் ஒரு மென்பொருள் என்றே நினைத்திருந்தான்.

ஆறாவது மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, ஒன்பது பிழைகளோடு அவன் உட்கார்ந்திருந்தபோது, தூதுவன் ஆறாம் பதிப்பு வந்து இறங்கியது.

கூடவே ஒரு பட்டியல். முன்பு இரண்டிரண்டாகப் போய்க்கொண்டிருந்த சிரிப்பு முகங்கள் இனி ஒன்றாகவே போகும். அரபு மொழி வலமிருந்து இடமாகவே வரும். இவையெல்லாம் திருத்தங்கள். புதிய வசதி ஒன்றே ஒன்று: வாடிக்கையாளர் எழுதி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் எழுத எழுத, அந்தந்த வார்த்தை தமிழில் சாம்பல் நிறத்தில் தெரியும். அனுப்பியதும் கறுப்பாகும்.

"இது நல்லா இருக்குதே" என்றாள் பக்கத்து நாற்காலி ருக்சானா. அவள் திரையில் போர்ச்சுகல்காரர் ஒருவர் சாம்பல் நிறத்தில் 'முட்டாள்களே' என்று எழுதி, அதை அழித்துவிட்டு, 'மதிப்புக்குரிய ஐயா' என்று ஆரம்பித்தார். "மனுசனுக்கு எவ்வளவு மரியாதை பாரு. அழிச்சுட்டாரு."

அழிப்பது என்றால் உடுமலைப்பேட்டை அலுவலகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அலுவலகம் மாடியில்; கீழே கல்யாண மண்டபம். மூன்று வருடம் முன்பு, ஒரு முகூர்த்த நாளில், மேலேயிருந்து ஓர் ஊழியர் ஸ்பெயின்காரர் ஒருவரின் புகாரைப் பார்த்து "நாசமாப் போக!" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து மேளக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கீழே பெண் வீட்டார் தாலி கட்டுவதை ஏழு நிமிடம் நிறுத்தி, ஜோசியரிடம் பேசி, பிறகுதான் கட்டினார்கள். அன்று மாலையே குழுத் தலைவி பரிமளா அக்கா ஒரு விதி கொண்டுவந்தார்.

"வாயில சொல்லப்படாது. மனசுல வெச்சிருந்தா அல்சர் வரும். அதனால பதில் பெட்டிக்குள்ள அடிங்க. நல்லா அடிங்க. அப்புறம் அழிச்சுப்போட்டு, கும்பிட்டுப் பதில் அனுப்புங்க."

அனுப்புகிற ஒவ்வொரு வரியும் கோயம்புத்தூரில் பதிவாகும். நூற்றுப் பன்னிரண்டு தயார்ப் பதில்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைத்தான் அனுப்ப வேண்டும். அழித்தது அங்கே பதிவாகாது. ஆகவே, பதினெட்டுப் பேரும் உண்மையையெல்லாம் அடித்து, அழித்து, அதன்பின் தயார்ப் பதிலை அனுப்பி வந்தார்கள். அலுவலகத்தில் ஒருவருக்கும் அல்சர் இல்லை.

திங்கட்கிழமை இரண்டேகால் மணிக்கு, வழக்கம்போல, போலந்திலிருந்து ததேயுஷ் வந்தார். எழுபத்து நான்கு வயது. மூன்று மாதமாகத் தினமும் இரண்டேகாலுக்கு வருகிறார். அவர் ஊரில் அப்போது காலை பத்தே முக்கால். தினமும் ஒரே புகார்: மிஷினில் கடகட சத்தம்.

அன்று மௌலிக்குப் பத்தாவது பிழை கிடைக்காத எரிச்சல். பெட்டிக்குள் அடித்தான்: "யோவ், மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் பேச ஆள் இல்ல. அதுக்கு நான்தான் கெடைச்சனா?" படித்துப் பார்த்தான். திருப்தியாக இருந்தது. அழித்தான். தயார்ப் பதில் பதினேழை அனுப்பினான்: "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். இயந்திரத்தை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, மீண்டும் இயக்கவும்."

ததேயுஷ் வழக்கமாக அந்தப் பத்து நிமிடமும் பெட்டியிலேயே காத்திருப்பார். அன்று "சரி. அணைத்துவிடுகிறேன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டேகாலுக்கு அவர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. மௌலி, சத்தம் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, இரண்டு நாளும் இரண்டேகாலுக்குத் திரையைப் பார்த்தான்.

புதன்கிழமை பரிமளா அக்கா ஒரு டப்பா லட்டோடு வந்தார். "கண்ணுகளா, வாடிக்கையாளர் திருப்தி மூணு புள்ளி ஒண்ணுல இருந்து நாலரைக்குப் போயிருக்குது! மூணே நாள்ல! கோயமுத்தூர்ல இருந்து போன் மேல போன். என்ன பண்ணுனீங்கனு கேக்கறாங்க."

"என்னங்க்கா பண்ணுனோம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். லட்டு எடுத்துக்க."

கருத்துப் பெட்டியில் ஒரு டச்சுக்காரர் எழுதியிருந்ததை அவர் வாசித்துக் காட்டினார்: "முதல் முறையாக ஒரு மனிதர் என்னைத் திட்டினார். ஐந்து நட்சத்திரம்."

"மொழிபெயர்ப்புக் கோளாறுங்க்கா" என்றான் மௌலி, லட்டை மென்றபடி.

அப்போது ருக்சானா சத்தமில்லாமல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. திரையில் ஜார்ஜியா நாட்டிலிருந்து ரொட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர். மிஷின் நின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாவுக்கு நானூறு ரொட்டி போட வேண்டும் என்று காலையில் அழாத குறையாக எழுதியிருந்தார். ருக்சானா தயார்ப் பதில் நாற்பதை அனுப்பியிருந்தாள்: "மோட்டார் பழுதடைந்துள்ளது. புதிய மோட்டார் வாங்கவும். இருபது நாளில் வந்து சேரும்."

"அதுக்கு என்ன?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு அடிச்சு அழிச்சேன். 'மோட்டாரெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. பின்னாடி மூடியைக் கழட்டி, உள்ள அப்பியிருக்கற மாவைச் சுரண்டிப்போடுங்க, ஓடும்'னு. பாவமா இருந்துது, அதான் அடிச்சேன். ஆனா அனுப்பல, மௌலி. என்ற பையன் மேல சத்தியமா அனுப்பல."

"சரி, அப்புறம்?"

அவள் திரையைக் காட்டினாள். "மாவைச் சுரண்டினேன். ஓடுகிறது. உங்களுக்குக் கோடி நன்றி."

மௌலி லட்டை மேசையில் வைத்தான். தன் போனில் வாடிக்கையாளர் போல ஒரு பெட்டியைத் திறந்தான். கணினியில் ஊழியர் பக்கத்தில் 'நான் ஒரு மாங்காய் மடையன்' என்று அடித்தான். போனில் சாம்பல் நிறத்தில் அது வந்தது. கணினியில் அழித்தான். போனிலும் எழுத்து எழுத்தாகக் கரைந்தது.

வாடிக்கையாளர் எழுதுவது ஊழியருக்குத் தெரிய வேண்டும் என்று கொண்டுவந்த வசதி, ஊழியர் எழுதுவதையும் வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து. பதினெட்டுப் பேர் எழுதியதையும். நாற்பத்தோரு நாடுகளுக்கும்.

முதலில் அவனுக்கு வந்தது மகிழ்ச்சி. "பத்து! ருக்சு, பத்தாவது பிழை! இதைவிடப் பெரிய பிழை இனி எவனும் புடிக்க முடியாது!"

அடுத்த நொடியே அவனுக்கு இரண்டேகால் மணி நினைவுக்கு வந்தது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

பரிமளா அக்காவிடம் இருவரும் தனியாகச் சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டு, ஒரு லட்டு முழுவதையும் வாயில் போட்டு மென்று முடித்தார்.

"அப்படின்னா அந்தப் பெல்ஜியத்துக்காரனுக்கு நான் அடிச்சது…"

"என்னங்க்கா அடிச்சீங்க?"

"அதை உன்றகிட்டச் சொல்ற அளவுக்கு உனக்கு வயசு பத்தாது." தலையில் கை வைத்தார். "வெள்ளிக்கிழமை முதல் வேலையா அந்த எஸ்டோனியாப் புள்ளகிட்டச் சொல்லிப்போடு. உனக்கும் வேலை நெலைக்கும், எனக்கும் மானம் நெலைக்கும்."

"சொன்னா சரிபண்ணிப்போடுவாங்கல்லங்க்கா" என்றாள் ருக்சானா.

"பண்ணட்டும்!"

"அப்புறம் நாளைக்கு இன்னொரு அம்மா வந்து மிஷின் நின்னுபோச்சுன்னா, மாவைச் சுரண்டுங்கன்னு எப்படிச் சொல்றது? அனுப்புனா கோயமுத்தூர் பார்க்கும். மோட்டார்தான் விக்கோணும்."

"நேத்து வரைக்கும் அதைத்தானே பண்ணீட்டு இருந்தோம்?"

"நேத்து வரைக்கும் வேற வழி இல்லீங்க்கா" என்றாள் ருக்சானா. பரிமளா அக்கா லட்டு டப்பாவை மூடினார்.

மௌலிக்கு இரண்டு கணக்கும் புரிந்தது. சொன்னால் வேலை நிரந்தரமாகும். ஜார்ஜியா அம்மாள்கள் மோட்டார் வாங்குவார்கள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'. இதற்கிடையில், சொல்லாமலே போய்ச் சேர்ந்த ஒரு வரியால் போலந்தில் ஒருவர் வராமல் இருந்தார். அந்த வரியை அவன்தான் எழுதினான். மென்பொருள் எழுதவில்லை.

வியாழக்கிழமையும் ததேயுஷ் வரவில்லை. மௌலி நாள் முழுக்க வேறு பிழை தேடினான். ஒன்றுகூட அகப்படவில்லை. எஸ்டோனியாக்காரர்கள் வெட்கமில்லாமல் ஒழுங்காக வேலை செய்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டேகாலுக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் எழுத்து அசைந்தது.

ததேயுஷ்தான். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். மௌலி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கறுப்பில் வந்தது: "மிஷினில் கடகட சத்தம்."

அதன் கீழே, சாம்பல் நிறத்தில், மெதுவாக: "சத்தம் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. நீங்கள் அழித்ததைப் படித்தேன். இரண்டு நாள் உங்கள் மேல் கோபம். மூன்றாம் நாள் உட்கார்ந்து ரொட்டிக்குப் பிசைந்தேன். ஒருவனுக்கு ஒன்றே போதும், பழக்கத்தில் இரண்டு போட்டுவிட்டேன். இரண்டாவது ரொட்டியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். நீங்கள் சொன்னது பொய் இல்லையே." அவர் அதை அனுப்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கரைந்தது.

மௌலி தயார்ப் பதில் பதினேழை அனுப்பினான். அணைக்கவும், பத்து நிமிடம் காத்திருக்கவும்.

பிறகு பெட்டிக்குள் அடித்தான்: "நான் எழுதுனது பொய் இல்லதானுங்க. ஆனா எழுதுன விதம் தப்புங்க. மன்னிச்சுக்கோங்க. மூணு நாளா ரெண்டேகாலுக்கு நான் சும்மா உக்காந்திருந்தேனுங்க." அழித்தான்.

"எனக்கு வேறு ஜன்னல் இல்லை" என்று சாம்பலில் வந்தது. "இங்கே எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அது உங்கள் கம்பெனியின் சட்டம். அதனால்தான் மிஷின் வாங்கினேன்."

மௌலி சிரித்துவிட்டான். பத்து நிமிடம் அலுவல் முறைப்படி அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தார்கள். அவர் மதியத்துக்குக் கம்பு போன்ற ஏதோ தானியத்தில் ரொட்டியும் முட்டைக்கோஸ் சூப்பும் என்றார். அவன், கீழே ஒரு கல்யாணம், மேலே இருக்கிறவர்களுக்கும் பாயசம் அனுப்பியிருக்கிறார்கள் என்றான். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். தெரியாதுங்க, பாயசம் நன்றாக இருக்கிறது என்றான். எல்லாம் எழுதி அழித்ததுதான். பதினோராவது நிமிடம் அவர் கறுப்பில் அனுப்பினார்: "இயக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. நன்றி." அடுத்து சாம்பலில்: "நாளைக்கு மறுபடி வரும்."

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பரிமளா அக்கா அவன் பின்னால் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு புதிதாக இருந்தது.

"என்னங்க்கா?"

"அந்தப் பெல்ஜியத்துக்காரன் இன்னைக்கு வந்தான்."

"ஐயையோ."

"நான் அடிச்சதைத்தான் அவனோட வீட்டுக்காரியும் பதினஞ்சு வருசமா சொல்லீட்டு இருக்காளாமா. ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா யோசிக்கோணும்னான்." அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "உன்ற இஷ்டம் கண்ணு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா வேலை உன்றதாக்கும். அதை மறந்துடாதே."

நான்கு மணிக்குக் கட்ரியின் பெட்டி திறந்தது. கறுப்பில்: "வணக்கம். இந்த வாரம் தெரிவிக்கப் பிழை ஏதேனும் உண்டா?"

மௌலி விரல்களை விசைப்பலகைமேல் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். அப்போது கீழே சாம்பல் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

"பத்தாவது எது என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடாதே."

அழிந்தது. மௌலி பின்னால் திரும்பினான். பரிமளா அக்காவும் படித்துவிட்டார் என்பது அவர் திறந்த வாயைப் பார்த்தாலே தெரிந்தது.

அவன் அடித்தான்: "தெரிஞ்சேதான் விட்டீங்களா?" அழித்தான்.

சாம்பலில் வந்தது: "எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது லட்சம் வரிகள் அனுப்பப்படுகின்றன. அழிக்கப்படுவது அதைப் போல மூன்று மடங்கு. என் வேலைக்காக அவற்றைப் படித்திருக்கிறேன். நல்லதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அனுப்புவதில் ஒன்றும் இல்லை." அழித்துவிட்டு, மறுபடி: "ஒருவராவது முறைப்படி தெரிவித்தால் அன்றே நான் சரிசெய்தாக வேண்டும். உங்களுக்கு முன்பே ஆறாம் பதிப்பு போன இடங்களில் இதுவரை முப்பது அலுவலகங்கள் கண்டுபிடித்துவிட்டன. யாரும் தெரிவிக்கவில்லை."

"மனசு ஒடிஞ்சவங்க இருக்காங்க" என்று அடித்தான் மௌலி. "ஒருத்தரு மூணு நாள் வரல."

சாம்பலில் வந்தது: "திரும்பி வந்தாரா?"

"வந்தாருங்க."

"எல்லோரும் வருவதில்லை. தெரியும். அதை நினைத்து நான் தூங்காத நாளும் உண்டு."

கறுப்பில், பதிவுக்காக, அவள் ஒரு வரி அனுப்பினாள்: "தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்."

மௌலி பரிமளா அக்காவைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார். ருக்சானா தன் திரையைப் பார்ப்பதுபோல இவன் திரையைப் பார்த்தாள். கீழே மண்டபத்தில் யாரோ மைக்கில், வேன் கிளம்புகிறது, மாப்பிள்ளை வீட்டார் வந்து ஏறிக்கொள்ளவும் என்று அறிவித்தார்கள்.

அவன் அடித்தான்: "நான் சொல்ல மாட்டேனுங்க. ஆனா எனக்குப் பத்து வேணுமுங்க. ஒன்பதுதான் இருக்குது. இல்லீன்னா திங்கக்கெழமை எனக்கு வேலை இல்லீங்க. உங்களைக் கொறை சொல்லல. தெரிஞ்சுக்கோங்கன்னு சொல்றேன்." அழித்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

கட்ரியின் பக்கம் அசைவே இல்லை. ஒரு நிமிடம். இரண்டு. "போயிட்டாளா?" என்று பரிமளா அக்கா கிசுகிசுத்தார். நான்காவது நிமிடத்தின் முடிவில் சாம்பல் வந்தது:

"மொழிகளின் பட்டியலைத் திறந்து பார்."

திறந்தான். நேற்று மூன்று முறை மேலிருந்து கீழ்வரை தேய்த்துப் பார்த்த பட்டியல். இன்று அதில் ஐஸ்லாந்து மொழி இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்றன் கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

உடனே கறுப்பில் அனுப்பினான்: "பிழை எண் பத்து. மொழிப் பட்டியலில் ஐஸ்லாந்து மொழி இரண்டு முறை வருகிறது."

"பதிவு செய்யப்பட்டது" என்று வந்தது. "மிகக் கூர்மையான கவனிப்பு. நன்றி."

ருக்சானா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். பரிமளா அக்கா, "ஐஸ்லாந்துக்காரங்க நல்லா இருக்கோணும்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். மௌலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கீழே இன்னும் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன.

"பொய் சொன்னோமே என்று வருந்தாதே. அது உண்மையான பிழைதான். நான்கு நிமிடத்துக்கு முன்னால் நானே செய்தேன்."

அது கரைந்ததும், மௌலி பெட்டிக்குள் நீளமாக எதையோ அடித்தான். பிறகு, அவள் படிக்க நேரம் வேண்டுமே என்று, ஒவ்வோர் எழுத்தாக, மிக மெதுவாக அழித்தான்.